தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குக் குடும்பத்தோடு வருவோருக்கு

சகோதரி, நீங்கள் கேட்டது இது. கணவர் விமானப்படையில் கார்ப்பரல். ஜோத்பூரிலிருந்து தஞ்சாவூருக்கு போஸ்டிங். மே கடைசியில் வந்து சேர வேண்டும். மகன் கேந்திரிய வித்யாலயாவில் இரண்டாம் வகுப்பு முடித்துவிட்டான். சொந்த ஊர் தேனி என்றாலும் டெல்டா பக்கம் வந்ததே இல்லை. "கேம்ப் வாழ்க்கை எப்படி இருக்கும், சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது?" கேள்வி அப்படி இருந்தாலும், குவார்ட்டர்ஸ் கையில் கிடைக்கும் வரையிலான மாதங்களை எப்படிக் கடப்பது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று படுகிறது. அதை முதலில் சொல்லிவிட்டு ஊருக்கு வருகிறேன். படைவீரர் குடும்பங்களின் இடமாற்றக் காகித வேலைகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். விதிகளாக இருப்பவை உறுதியானவை. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன், அதாவது தளத்துக்குத் தளம், மாறும் உத்தரவுகளை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும் என்பதற்கு வெளியிலிருந்து யாரும் தேதி சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். அது அந்தந்த மாதத்தில் எத்தனை பேர் காலி செய்கிறார்கள், வெயிட்டிங் லிஸ்ட்டில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஆனால் வரிசை முறை நிச்சயம். கணவர் ரிப்போர்ட் செய்த அன்றே அரைவல் ஃபாரத்தில், அதாவது வந்து சேர்ந்ததற்கான படிவத்தில், ஒவ்வொரு செக்‌ஷன் கையெழுத்தும் வாங்கத் தொடங்க வேண்டும். அதே வாரத்தில் குவார்ட்டர்ஸ் விண்ணப்பம். குவார்ட்டர்ஸ் இல்லை என்று எழுத்தில் வாங்கி, தளத்துக்கு வெளியே குடியிருப்பதற்கான லிவிங் அவுட் அனுமதியும் வாங்கிய பிறகுதான் வெளியே வாடகை ஒப்பந்தம். பெரும்பாலானோர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். நல்ல வீடு கைவிட்டுப் போய்விடும் என்று அனுமதிக்கு முன்பே குடி புகுந்துவிடுகிறார்கள். பிறகு அனுமதிக் காகிதத்தின் தேதியும் ஒப்பந்தத் தேதியும் ஒத்துப்போகாமல் வீட்டு வாடகைப்படி தொங்கலில் நிற்கிறது. வாடகைப்படிக்காக நகரங்களை வகை பிரித்ததில் தஞ்சாவூர் இசட் வகை, எனவே படி அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதம். திருச்சி ஒய் வகையில் 20 சதவீதம் வாங்கும் நண்பர்கள் சொல்லும் கணக்கை வைத்து வாடகை பேசிவிடாதீர்கள். ஜோத்பூர் குவார்ட்டர்ஸைச் சில காலம் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி கேட்கலாம். எத்தனை மாதம் என்பது அந்த ஸ்டேஷன் உத்தரவு. வைத்திருக்கும் காலத்துக்கு இங்கே வாடகைப்படி கிடைக்காது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

வந்த பிறகு சரி செய்யவே முடியாதவை எல்லாம் ஜோத்பூரிலேயே முடிய வேண்டியவை. கேஸ் இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, இணைப்பு முடிக்கப்பட்டதற்கான டெர்மினேஷன் வவுச்சர் வாங்க வேண்டும். டெபாசிட் அங்கேயே திரும்பக் கிடைக்கும். அந்த வவுச்சரைக் காட்டி இங்கே புதிதாக டெபாசிட் கட்டினால் இணைப்பு தொடரும். அடுப்பும் ட்யூபும் உங்களுடையவை, கொண்டு வாருங்கள். ரெகுலேட்டரைப் பெட்டியில் போட்டுக் கொண்டு வந்துவிட்டு வவுச்சர் இல்லாமல் நிற்பவர்கள் ஒவ்வொரு போஸ்டிங் சீசனிலும் உண்டு. வண்டி ராஜஸ்தான் பதிவு என்றால், அங்கே ஆர்.டி.ஓ.வில் தடையில்லாச் சான்று வாங்காமல் ரயிலில் ஏற்றாதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும், தஞ்சாவூர்ப் பதிவு எண் டி.என். 49 என்று தொடங்கும். இனி புது வண்டி வாங்குவதாக இருந்தால் எல்லா மாநிலத்திலும் செல்லும் பி.எச். (பாரத்) வரிசைப் பதிவு படைவீரர்களுக்கு உண்டு. 2 வருடத்துக்கு ஒரு முறை வரி கட்டினால் போதும், அடுத்த போஸ்டிங்கில் இந்த அலைச்சலே இல்லை. சாமான் ஏற்றிய லாரி ரசீது, எடைச்சீட்டு, ரயில் டிக்கெட் மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள். இடமாற்ற மானியமாக அடிப்படைச் சம்பளத்தில் 80 சதவீதம் தனியாகக் கிடைக்கும். சாமான் செலவுக்கான கிளெய்ம் வேறு, அது ரசீது இல்லாமல் நகராது. பயணத்துக்கு, ஜோத்பூர் பகத் கி கோத்தியிலிருந்து மன்னார்குடிக்கு வாரம் ஒரு ரயில் இருக்கிறது. மே மாதத்தில் அதில் இடம் கிடைப்பது கடினம், தேதி தெரிந்தவுடனே முன்பதிவு செய்துவிடுங்கள்.

பையன் பள்ளி விஷயத்தில் பயப்பட வேண்டியதில்லை. தளத்தின் பெயரிலேயே இங்கே ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. ஒரு கே.வி.யிலிருந்து இடமாற்றத்தில் இன்னொரு கே.வி.க்கு வரும் பிள்ளைக்கும், வேறு பள்ளியிலிருந்து புதிதாகச் சேரும் பிள்ளைக்கும் நடைமுறை வேறு. புதிதாகச் சேருவோருக்கு இரண்டாம் வகுப்பு முதல் காலியிடம் இருந்தால்தான் இடம். அப்போது கடந்த 7 வருடத்தில் பெற்றோருக்கு எத்தனை இடமாற்றம் என்ற எண்ணிக்கையும் முன்னுரிமையில் சேரும். உங்கள் மகன் முதல் வகை. மாற்றுச் சான்றிதழ், போஸ்டிங் உத்தரவு நகல், மதிப்பெண் அட்டை, பிறப்புச் சான்று, ஆதார் இவற்றோடு வாருங்கள். கோடை விடுமுறையில் வகுப்புதான் இருக்காது. அலுவலகம் பெரும்பாலும் திறந்திருக்கும், பள்ளி திறக்கும் நாள் வரை காத்திருக்காமல் முன்பே போய்விடுங்கள். தமிழ்நாட்டில் இருந்தாலும் கே.வி.யில் தமிழ் கட்டாயப் பாடம் அல்ல. ராஜஸ்தானில் வளர்ந்த பையன் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும் என்றால் அந்த வேலையை நீங்கள்தான் வீட்டில் தொடங்க வேண்டும். பஸ் போர்டுகளிலிருந்து தொடங்குங்கள், இரண்டே மாதத்தில் வந்துவிடும்.

வீடு எங்கே பார்ப்பது? தளம் நகரத்துக்குத் தெற்கே, புதுக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிறது. எனவே புதுக்கோட்டை சாலை, நாஞ்சிக்கோட்டை சாலை, மருத்துவக் கல்லூரி சாலை, ஈஸ்வரி நகர், புதிய பேருந்து நிலையச் சுற்றுவட்டாரம் இவைதான் வசதி. கீழவாசல், கரந்தை போன்ற பழைய பகுதிகள் வாழ அருமையான இடங்கள், ஆனால் அதிகாலை ஷிஃப்டுக்கு நெரிசலைக் கடந்து நகரத்தின் மறுமுனைக்கு வர வேண்டும். வீடு பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, போர்வெல் தண்ணீர் மட்டுமா, மாநகராட்சிக் குழாயும் உண்டா. இரண்டு, உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பா, சப் மீட்டரா. தமிழ்நாட்டில் மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலை போய்விட்டு, அந்த யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கூடுதல் விலை விழும். மேலும் கீழும் இரண்டு குடும்பம் ஒரே இணைப்பில் இருந்தால் ஜூன் மாத ஏ.சி. ஓட்டத்தில் 500 சுலபமாகத் தாண்டிவிடும். மூன்றாவது, ஒப்பந்தத்தில் "குவார்ட்டர்ஸ் ஒதுக்கப்பட்டாலோ இடமாற்றம் வந்தாலோ ஒரு மாத முன்னறிவிப்பில் காலி செய்யலாம், முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும்" என்ற வரியை எழுத்தில் சேர்ப்பார்களா. இது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 11 மாத ஒப்பந்தத்தில் மூன்றாம் மாதமே குவார்ட்டர்ஸ் வந்து, அட்வான்ஸை விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் நிறைய. தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரையில் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது அதன் கணக்கு. உள்ளூர் வழக்கம் என்று அதற்கு மேல் கேட்டால் இதைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

குவார்ட்டர்ஸ் வந்ததும் சந்தோஷத்தில் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடாதீர்கள். மார்ச்சிங் இன், அதாவது வீட்டை ஏற்றுக்கொள்ளும் நாள் அன்று, கட்டடங்களைப் பராமரிக்கும் எம்.இ.எஸ். (ராணுவப் பொறியியல் சேவை) ஆள் ஒரு பட்டியலோடு வருவார். ஃபேன் எத்தனை, ட்யூப்லைட் எத்தனை, கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, குழாய், வாஷ்பேசின் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள், திறந்து பாருங்கள். உடைந்த கண்ணாடி ஒன்று இருந்தாலும் பட்டியலில் அதன் எதிரே எழுதச் சொல்லுங்கள். மின் மீட்டர் எண்ணை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். இன்று எழுதாத விரிசலுக்கு வீட்டை ஒப்படைக்கும் மார்ச்சிங் அவுட் அன்று உங்கள் கணக்கில் பிடித்தம் விழும். கழிவறை ஃப்ளஷ் தொட்டியை மூன்று முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள், ஒரு முறை வேலை செய்வது எல்லா வீட்டிலும் நடக்கும். குடி வந்த முதல் வாரத்திலேயே கரையான் பாருங்கள். இந்தப் பகுதி செம்மண் மேடு. அட்டைப் பெட்டியும் மரப் பெட்டியும் தரையில் சுவரோடு ஒட்டி ஒரு மழைக்காலம் இருந்தால் அடிப்பக்கம் காணாமல் போயிருக்கும். கறுப்பு டிரங்குப் பெட்டிகளானாலும் நான்கு செங்கல் மேல், சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள்.

உள்ளே வாழும்போது இரண்டு விஷயம். நம் வீடுகளில் காலையில் காக்கைக்குச் சோறு வைப்பது வழக்கம். ஓடுதளம் பக்கத்தில் இருக்கும் இடத்தில் அதை விட்டுவிடுங்கள். 2020 ஜனவரி 20 அன்று சுகோய் 30 போர் விமானங்களோடு 222 ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவு இங்கே தொடங்கப்பட்டது ஊரறிந்த செய்தி. அப்படிப்பட்ட விமானம் புறப்படும் வேகத்தில் எஞ்சினுக்குள் ஒரு காக்கை போனால் போதும், விமானியின் உயிருக்கே ஆபத்து. மீன் கழுவிய தண்ணீர், கோழிக் கழிவு இவற்றைத் திறந்த தொட்டியில் போட்டால் பருந்து வட்டமிடும். மூடியுள்ள வாளி, அன்றன்றே அகற்றுவது, இவ்வளவுதான் வேண்டியது. மற்றொன்று படம் எடுப்பது. பையன் விமானத்தைப் பார்த்துத் துள்ளுவான், உங்களுக்கும் எடுக்கத் தோன்றும். கேட், ஓடுதளம், விமானம், யூனிட் பெயர்ப்பலகை எதுவும் பின்னணியில் வரக் கூடாது. பிறந்தநாள் படத்தில் கூட இருப்பிடக் குறிப்பை அணைத்துவிட்டு அனுப்புங்கள். தேனியிலிருந்து உறவினர் வருவதாக இருந்தால் அடையாள அட்டையோடு முன்கூட்டியே பெயர் கொடுத்துப் பாஸ் வாங்க வேண்டும். எத்தனை நாள் முன்பு, எத்தனை பேர் என்பது ஸ்டேஷன் உத்தரவு, வாசல் காவலர் அறையான கார்டு ரூமில் கேட்டால் சொல்வார்கள். ரயில் நிலையத்தில் இறங்கிவிட்டுப் போன் செய்யும் மாமாக்களுக்கு இதை முன்பே சொல்லிவையுங்கள்.

இனி ஊர். இங்கே நிலத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தளம் இருப்பது வயற்காட்டில் அல்ல. வல்லத்தை ஒட்டிய செம்மண் மேட்டில், சுற்றிலும் முந்திரியும் தைலமரமுமாக இருக்கும். வந்த அன்று பார்த்துவிட்டு "இதுவா டெல்டா?" என்று சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். நகருக்குள் பெரிய கோயில் பக்கம் ஓடும் கல்லணைக் கால்வாயைத் தாண்டுங்கள். உள்ளூரில் அதைப் புது ஆறு என்பார்கள், மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934இல் வந்தது. அதைத் தாண்டி வடக்கே போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று திருவையாறு வரைக்கும் 13 கிலோமீட்டருக்குள் ஆறு மாற்றி ஆறு. பாலத்துக்குப் பாலம் மண் கறுத்துக்கொண்டே போகும். பையனைக் கூட்டிக்கொண்டு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த ஒரு சாலையில் போய்வாருங்கள். மே மாதத்தில் அத்தனை ஆறும் மணலாகக் கிடக்கும். அதைப் பார்த்து வைப்பது அவசியம், ஏனென்றால் ஜூன் 12 மேட்டூர் திறக்கும் மரபு நாள். நீர் இருப்பு சரியாக இருந்தால் அன்று திறந்து, மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். நீங்கள் மணலில் நடந்த அதே இடத்தில் நுரையோடு முதல் தண்ணீர் வரும்போது கரையில் மக்கள் நெல்லும் பூவும் தூவுவார்கள். டெல்டாவில் குடிவந்த வருடத்தில் தவறவிடக் கூடாத காட்சி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பெரிய கோயில் எங்கும் போய்விடாது, அடுத்த வாரம் பார்க்கலாம்.

தண்ணீர் வந்த பிறகு ஒரு எச்சரிக்கை. ஆற்றுக்குக் குறுக்கே ஷட்டர் வைத்த ரெகுலேட்டர் பக்கத்தில் குளிக்கவே கூடாது. மேலே தண்ணீர் அமைதியாகத் தெரியும், அடியில் மதகு இழுக்கும். மணல் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் தெரியாது, முழங்கால் ஆழத்திலிருந்து ஓர் அடி வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். ஆடிப்பெருக்குக்குத் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போனால் படியிலேயே நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

பெரிய கோயிலுக்கு மே, ஜூனில் காலை 6 மணிக்கு அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு போங்கள். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், கருங்கல் தளம் காலைச் சுட்டுவிடும். பையனுக்குத் தடித்த சாக்ஸ் எடுத்து வையுங்கள். 1010இல் ராஜராஜன் முடித்த கோயில் என்பது தெரிந்ததுதான். கருவறைக்கு மேலே உயரும் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், அடித்தளத்தைச் சுற்றி வந்து கல்வெட்டுகளில் விரல் வைத்துப் பாருங்கள். எந்த ஊர் எவ்வளவு நெல் அளந்தது என்று எழுதி வைத்த கணக்குப் புத்தகம் அது. மழை நாளுக்கு அரண்மனையும் அதிலுள்ள கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளும், சரசுவதி மகால் நூலகமும் பொருத்தம். கும்பகோணம் 40 கிலோமீட்டர். அந்தப் பக்கம் போகும் நாளில் தாராசுரம் கோயிலையும் சுவாமிமலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவாமிமலையில் சிலை வார்ப்பவர்கள் மெழுகு உருவத்தின் மேல் காவிரி வண்டல் பூசுவதைப் பட்டறையிலேயே பார்க்கலாம். கைவேலை நடக்கும்போது கேள்வி கேட்காமல் காத்திருங்கள். திருவையாற்றில் அசோகா அல்வா வாங்காமல் திரும்பாதீர்கள். பாசிப்பருப்பில் செய்வது, சூடாக இருக்கும்போதுதான் ருசி.

படைக் குடும்பத்துக்கு நான் விரும்பிச் சொல்லும் இடம் மனோரா. பட்டுக்கோட்டை தாண்டிக் கடற்கரையில், மல்லிப்பட்டினத்துக்கு அருகே. நெப்போலியனின் தோல்வியைக் கொண்டாடி இரண்டாம் சரபோஜி 1814, 15 வாக்கில் கட்டிய அடுக்குக் கோபுரம். ஐரோப்பாவில் நடந்த போருக்குத் தஞ்சாவூர்க் கடலோரத்தில் ஒரு நினைவுச்சின்னம்! கடல் அங்கே ஆழமில்லாத சேற்றுக் கடல், அலையில் விளையாடும் ஆசையோடு போகாதீர்கள். அதே பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே மழை என்றால் சில நாள் மின்சாரம் இல்லாமல் வாழத் தயாராக இருப்பதும் சேர்த்துத்தான். எமர்ஜென்சி விளக்கு, முழு பவர் பேங்க், இரண்டு நாள் குடிநீர் அக்டோபர் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதங்களில் யூனிஃபார்ம் பெல்ட்டிலும் ஷூவிலும் பூஞ்சை பிடிக்கும். ஜோத்பூர் வெயிலில் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. வெயில் தலைகாட்டும் நாளில் எல்லாம் அவற்றை வெளியே எடுத்து வையுங்கள்.

பாம்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கண்ணாடி விரியன் வயலிலும் புதரிலும், கட்டு விரியன் இரவில் வீட்டுக்குள்ளும் வரும். கட்டு விரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, தூக்கத்தில் கடித்தது தெரியாமலே கண்ணிமை சோர்ந்து மூச்சு திணறும். மழைக்காலத்தில் தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுப்பது கொசுவுக்கும் இதற்கும் ஒரே காப்பு. கடித்துவிட்டால் கட்டுப்போடாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட காலை அசைக்காமல் நேராக 108 அல்லது தளத்து மருத்துவ மையம். அங்கிருந்து தேவைப்பட்டால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை கோடியக்கரைக்குப் போகலாம், பூநாரைகளும் வெளிமான்களும் பார்க்கலாம். ஒரே நாளில் போய்வரக் காலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டும். டிசம்பர், ஜனவரி வெயில் தணிந்த நாட்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக்கு ஏற்றவை. கேம்ப் வாசலில் இருந்து அதே சாலையில் கந்தர்வகோட்டை வழியாகப் போனால் புதுக்கோட்டை, அதைத் தாண்டிச் சித்தன்னவாசல், திருமயம் கோட்டை. திருமயத்துப் பாறை மேல் பீரங்கி இருக்கிறது, பையன் இறங்கி வர மாட்டான். இரு சக்கர வண்டியில் மாலை வேளையில் வயல் பக்கச் சாலையில் வந்தால் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள், விளக்கு வெளிச்சத்துக்குத் தத்துப்பூச்சிகள் கூட்டமாக வந்து கண்ணில் அடிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல் காயும், ஓரத்தில் கல் வரிசை வைத்திருப்பார்கள், இருட்டில் அந்தக் கல்தான் ஆபத்து. காயும் நெல்லின் மேல் வண்டி ஏற்றாதீர்கள். டயர் வழுக்கும் என்பது ஒரு காரணம். மற்றது, அது அவர்களின் ஆறு மாத உழைப்பு.